கோமதியக்கா இரண்டாம் முறை கேட்ட கேள்வி

சாரல் தொடங்கிய வாரம் தென்காசியிலிருந்து கார்டு வந்தது. கோமதியக்காவின் தம்பி எழுதியிருந்தார்: "அக்கா வெள்ளிக்கிழமை காலையில் தவறிவிட்டாள். உங்களுக்கு எழுதச் சொல்லியிருந்தாள்." கார்டை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தி முடித்தேன். மணி அடித்த பிறகுதான் அழுகை வந்தது.

தென்காசியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் விடுதிப் பொறுப்பாளர். நான் கணக்கு டீச்சர். அப்போது விடுதியில் தங்கிப் படித்த முப்பது மாணவிகளான உங்களில் பலருக்கு, அறை மாற்றிய ஆண்டு நினைவிருக்கும். அன்று நான் செய்த பிழை உங்களுக்குத் தெரியாது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. உங்களோடு படித்த இசக்கியம்மாளின் சம்மதம் கேட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

விடுதியில் ஓயாத சண்டை. பிரியமானவர்களை ஒரே அறையில் விட்டால் அடங்கும் என்று நினைத்த அக்கா, யாருடன் தங்க விருப்பம் என்று ஆளுக்கு மூன்று பெயர் எழுதித் தரச் சொன்னார். முப்பது சீட்டுகளையும் நான் எண்ணினேன். பெரிய தாளில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வட்டம் போட்டு, எழுதியவளிடமிருந்து எழுதப்பட்டவளுக்குக் கோடு இழுத்தேன். யாருக்கு யார் சிநேகிதி என்பது சிலந்தி வலைபோல் விரிந்தது. ஒரு வட்டத்துக்கு மட்டும் கோடே வரவில்லை. அது ஆலங்குளத்து இசக்கியம்மாள். சைபர்.

அந்தப் படத்தின் அழகில் எனக்குக் கர்வம். அக்காவிடம் காட்டுமுன்பே பள்ளியின் காரியதரிசியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"முப்பது பேர்ல ஒருத்திகூட இவ வேணும்னு எழுதல. இவ நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எப்படிம்மா பிள்ளைகளை அணைச்சுப் பாடம் சொல்லுவா? வர்ற வாரம் வீட்டுக்கு அனுப்பிருவோம்."

நான் நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ எண்ணினது சரிதான். எண்ணின கையோட ஓடினியே, அதுதான் தப்பு" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை எல்லாரையும் ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். குளித்துவிட்டுத் தலை உலர்த்தும் பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் போய் உட்கார்ந்தார். கேள்வி கேட்பதுபோலவே இருக்காது. சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே பிறகு நோட்டில் எழுதிக்கொள்வார். ஒருத்தி "சும்மாதான் டீச்சர்" என்று சொன்னதையும் எழுதியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "அந்தச் சும்மாவுக்குள்ளதாட்டி எல்லாம் கெடக்கு" என்றார்.

செங்கோட்டைப் பெண் ஒருத்தி கடைசியில் வாய் திறந்தாள். நானும் அருகில் இருந்தேன்.

"இசக்கிட்டதான் டீச்சர் எல்லாத்தையும் சொல்லுதேன். எங்க வீட்டுக் கஷ்டம் முழுக்க அவளுக்குத் தெரியும். அவ பேரை எழுதினா, 'அவகிட்ட அப்படி என்னட்டி சொன்ன'ன்னு பக்கத்துல இருக்கவ நோண்டுவா. அதான் எழுதல."

திரும்பும் வழியில் மேலும் நாலைந்து பேர், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தியாக, அதையே சொன்னார்கள். எல்லாருடைய மனதும் அவளிடம் இருந்தது. அதனாலேயே அவள் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.

"இதைக் காரியதரிசிட்ட சொல்லிருவோம்க்கா" என்றேன்.

"பிள்ளைக நம்பிச் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்லவா? அவருக்கு நம்பர்தான் புரியும். நம்பராவே குடுப்போம். கேள்விய மாத்துவோம்."

ஞாயிற்றுக்கிழமை, ஒருத்தி எழுதுவதை இன்னொருத்தி பார்க்க முடியாதபடி தனித்தனியே உட்கார வைத்தார். எழுதுகிறவள் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். கேள்வி இதுதான்: காய்ச்சலில் கிடந்தால் உன் பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? சீட்டுகளை மறுபடி நான்தான் பிரித்தேன். இசக்கி, இசக்கி என்று வந்துகொண்டே இருந்தது. பாதிக்கும் மேல் அவள் பெயர். அந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதினேன்.

காரியதரிசி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எதும்மா சரி?"

"ரெண்டும் சரிதான் ஐயா. மொதல்ல பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு எழுதச் சொன்னது என் தப்பு. பிள்ளை மேல தப்பில்ல" என்றார் அக்கா. படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. அக்காவுக்குக் காட்டாமல் கொண்டுவந்தது என் தப்பு என்று நான்தான் எழுந்து சொன்னேன். காரியதரிசி, இசக்கியின் வீட்டுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

இசக்கியம்மாள் பயிற்சி முடித்துப் போனாள். தன்னை அனுப்ப இருந்தார்கள் என்பது, இந்தக் கட்டுரைக்காக நான் போய்ச் சொல்லும்வரை அவளுக்குத் தெரியாது. கேட்டுவிட்டு, "கோமதி டீச்சர் என்னைப் பாத்தா எப்பவும் சாதாரணமாத்தான் சிரிப்பாவ" என்றாள்.

போன மாதம் என் பள்ளியில் ஒரு சிறுமியின் பெயரை நீக்கப் பேனாவை எடுத்தேன். வருகைப் பதிவில் அவளுக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட். பேனாவை மூடி வைத்துவிட்டு, வெயிலில் அவள் வீட்டுக்கு நடந்தேன். கோமதியக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த நடைதான்.