முப்பது கஜம்

என் தம்பி இன்னிஸுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அப்பாவின் படகு துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் குமட்டிக்கொண்டு வந்துவிடும். இவனைக் கூட்டிப்போனால் மீனுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று அப்பா கிண்டலடிப்பார். அதனால்தான் நம் வலையில் மீன் கொழுத்துக் கிடக்கிறது என்பான் இவன். வாயாடி.

எங்கள் மீனவ ஊரான போர்ட்காலியில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. இந்த வடக்குக் கடலில் விழுந்தால் குளிரே கொன்றுவிடும், நீந்தத் தெரிந்தவன் இழுத்துக்கொண்டு கிடந்து சாவான் என்பது அப்பாவின் கட்சி. ஊர் முழுக்க அதே கட்சிதான். சின்ன வயதில் துறைமுகப் படியில் காலை நனைத்தாலே எங்கள் முதுகு பழுத்துவிடும்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, பதினெட்டு வயதானதும் இன்னிஸ் கப்பற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்தான். பின் இருக்கையில் உட்கார்ந்து ரேடியோவையும் துப்பாக்கியையும் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆகாயத்தில் வாந்தி வரவில்லை என்பதை நாலு கடிதத்தில் பெருமையாக எழுதினான். நாற்பத்திரண்டு மார்ச்சில், பயிற்சியின்போது எஞ்சின் நின்று விமானம் கடலில் விழுந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. நொடியில் உயிர் பிரிந்தது, வேதனையே இல்லை என்று மேலதிகாரி எழுதியிருந்தார். அப்பா அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, தினமும் சாப்பாட்டுக்கு முன் எடுத்து வாசித்தார்.

ஜூனில் அந்த விமானத்தை ஓட்டிய ஹேவர்ட் என்னைத் தேடி வந்தான். நான் கொட்டகையில் ஹெர்ரிங் மீனுக்குக் குடலெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா முகத்தில் விழிக்க அவனுக்குத் தைரியமில்லை. பீப்பாய்களுக்குப் பின்னால் நின்று என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினான். விழுந்ததும் இருவரும் வெளியே வந்துவிட்டார்களாம். இன்னிஸின் மிதவைச் சட்டை கிழிந்துபோயிருந்தது. ரப்பர் படகு முப்பது கஜத்தில் மிதந்தது. கை முறிந்த ஹேவர்ட் மற்றக் கையால் நீந்தி அதைப் பிடித்துவிட்டான். இன்னிஸ் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீந்தி வாடான்னு கத்துனேன். 'எனக்கு நீச்சல் தெரியாது சார், சிரிக்காதீங்க'ன்னான். வால் முழுகப் பதினோரு நிமிஷம் ஆச்சு. ஒத்தக் கையால படகத் தள்ளிக்கிட்டு என்னால திரும்பிப் போக முடியல."

நீச்சல் சோதனை வைக்கவில்லையா என்று கேட்டேன். வைத்தார்களாம். மீனவப் பையன்களுக்கு எதற்குச் சோதனை என்று பயிற்சி அதிகாரி சிரித்துவிட்டு, அவர்கள் பேருக்கு நேராகச் சரி போட்டுவிட்டாராம். மீன் பிடிக்கிறவனுக்கு நீச்சல் தெரியும் என்று எந்த மடையன் சொன்னான்? இந்த வாயாடிக்குத்தான் அன்றைக்கு வாயில் என்ன, கொழுக்கட்டையா?

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஹேவர்ட் கெஞ்சினான். ஒரு மாதம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கினேன்.

பக்கத்து வீட்டு லூயிஸுக்குக் கப்பற்படையிலிருந்து ஓலை வந்தது. எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தவன், போவதற்குள் நீச்சல் பழகட்டுமா என்று அப்பாவைக் கேட்டான்.

"வேணாம்டா. நீச்சல் தெரிஞ்சவன்தான் தவிச்சுச் சாவான். எம் மவனப் பாரு, நொடியில போயிட்டான்" என்று அப்பா கடிதத்தைப் பிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொருத்தனையும் அந்த வாலில் தொங்கவிடவா?

"நொடியில இல்லப்பா. பதினோரு நிமிஷம். முப்பது கஜத்துல படகு இருந்துச்சு. நீந்தத் தெரியாம பாத்துக்கிட்டே நின்னான்."

யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். கடிதத்தை மடித்தார். எழுந்துபோய் அதை அடுப்பில் போட்டார். அது எரிந்து முடியும்வரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கத்துக்கிட்டுப் போடா" என்றார் லூயிஸிடம்.

என்னைப் பார்க்கவில்லை. இது நடந்து மூன்று வருஷம். சாப்பாட்டுக்கு முன் அப்பா இப்போது எதையும் வாசிப்பதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. கல்நெஞ்சக்காரி என்கிறது ஊர். சொல்லிவிட்டுப் போகட்டும். லூயிஸ் படைக்குக் கிளம்புமுன் துறைமுகப் படியிலிருந்து அந்த ரப்பர் படகு இருந்த தூரத்துக்கு நீந்திக் காட்டியபோது, கரையில் நின்று கஜத்தை எண்ணியவள் நான்.