சாக்ஸ் போட்ட பூச்செடிகள்

சந்தையில் தும்மலக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பூ விற்றுப் பிழைக்கிறவளுக்குப் பூவின் மகரந்தம் ஆகாது. அவளைக் கட்டியவனோ பசுமைக்குடில் போட்டு ஜெர்பராப் பூச்செடி வளர்க்கிறவன். கல்யாணமான புதிதில் குடிலுக்குள் கால் வைத்ததும் தும்மத் தொடங்கினாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அது ஓய்ந்தபாடில்லை. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வளர்ப்பது அவன் பாடு, விற்பது அவள் பாடு.

மழை பெய்தால் மட்டும் அவள் மூக்குக்கு விடுமுறை. வானம் இருட்டினால் மற்ற கடைக்காரர்களின் முகம் சுருங்கும். அவளோ ஆசைதீர மூச்சு இழுத்துவிடுவாள்.

செடிகளின் கதை வேறு. ஹீட்டர் சூட்டில் செல்லம் கொடுத்து வளர்த்தவை அவை. ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற்றும்போது, குளிர் தாங்காது, பார்த்துக்கொள் என்று புருஷன் சொல்லி அனுப்புவான். அவளுக்குக் குளிருமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மழையோடு பேய்க்காற்றும் சேர்ந்துகொண்டது. மழை என்று குடை விற்பவர்கூட வரவில்லை. நேரத்துக்கு முன்னால் மூட்டை கட்டினால் இடம் பறிபோகும் என்பது சந்தை மேற்பார்வையாளரின் சட்டம். வாங்க ஆளில்லாமல் கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூக்கடை வரிசை அவள் கடையோடு முடியும். துணிக்கடை வரிசை பக்கத்து சாக்ஸ்காரரிடமிருந்து தொடங்கும். இருவருக்கும் வெகுகாலமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருமுறை மழை விட்டு வெயில் வந்த பிறகு, அவள் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் அவர் சரக்கில் கொட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போன நேரத்தில் அவளுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து, சிரிக்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

இந்த முறை காற்று தார்ப்பாயையே பிய்த்துக்கொண்டு போனது. தொட்டிச் செடிகள் தலை தொங்கின. சால்வையைக் கழற்றிப் போர்த்தினாள், ஸ்வெட்டரையும் கழற்றினாள். அதற்கு மேல் கழற்ற எதுவுமில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றாள். சாக்ஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கை நிறையக் கம்பளி சாக்ஸை அள்ளிக்கொண்டு வந்தார்.

"இதப் போடுங்கக்கா. இன்னைக்கு எவனும் கால்ல போடப் போறதில்ல."

இருவரும் குந்தி உட்கார்ந்து, சின்னத் தொட்டிகளை ஒவ்வொன்றாக சாக்ஸுக்குள் இறக்கிப் பூவின் கழுத்துவரை இழுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகள் மாதிரி செடிகள் வரிசையாக நின்றன.

பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அப்படியே நின்றுவிட்டாள். இது என்ன ரகம் என்று கேட்டாள். சாக்ஸ் போடுற ரகம் என்றார் சாக்ஸ்காரர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அவள் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஒத்த சாக்ஸ வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

ஜோடியாக இன்னொரு செடியும் வாங்கினாள். அதன் பிறகு கூட்டம் மொய்த்தது. யாரும் ஒற்றைச் செடி கேட்கவில்லை. கடைசியில் ஜோடியில்லாமல் நின்ற ஒன்றை, ஒரு காலில் மாவுக்கட்டோடு வந்தவர் அள்ளிக்கொண்டு போனார். அடிபட்டதிலிருந்து தனக்கென்றே செய்த மாதிரி ஒரு பொருளைப் பார்ப்பது இதுதான் முதல்முறை என்றார்.

கூட்டம் கலைந்ததும் மேற்பார்வையாளர் மடங்கிப்போன குடையோடு வந்து சேர்ந்தார். பூ வரிசையில் துணி விற்றது குற்றம், துணி வரிசைக்காரர் பூ விற்றதும் குற்றம் என்றார்.

"செடிக்குப் போட்டது எப்படிங்கய்யா துணியாகும்? அதுக்குக் கால் இருக்கா?" என்றாள் தும்மலக்கா.

அவர் நனைந்தபடியே வெகுநேரம் யோசித்தார்.

"வேர் இருக்குல்ல?"

தீர்ப்பு அன்றே வந்தது. அவள் துணி வரிசைக்கு மாற வேண்டும், அவர் பூ வரிசைக்கு மாற வேண்டும். இரண்டு பேரும் மேசையைத் தூக்கி ஒருவர் இடத்தில் ஒருவர் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் நல்ல வெயில். பழக்கத்தில் பழைய இடத்துக்கு வந்தவர்கள் சாக்ஸ்காரரிடம் ஜெர்பரா கேட்டார்கள்; அவளிடம் வந்து குழந்தைக்கு சாக்ஸ் அளவு சொன்னார்கள். முதலில் இருவரும் ஆளைத் திருப்பி அனுப்பிப் பார்த்தார்கள். மதியத்துக்குள் அலுத்துவிட்டது. அவர் எட்டிப் பூவை எடுத்துக் கொடுத்தார். அவள் சாக்ஸை இழுத்துக் காட்டி, துவைத்தால் சாயம் போகாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.