நகம் பட்ட குரோட்டன்ஸ்

நர்சரி வெச்சுப் பொழைக்கிறவங்களே, உங்களுக்குத் தெரியாததா: செடி தழைச்சா வாங்கினவங்க கைராசி, பட்டுப்போனா நாமதான் கொலைகாரங்க.

கலர் போச்சு

ஆம்பூர் பைபாஸ் ஓரத்துல என் நர்சரி. நூருல்லா பாய் டேனரில தோலுக்குச் சாயம் ஏத்துறவர். சம்சாரம் ஷகிலாக்காவுக்குச் சிவப்புன்னா உசிரு. அவங்களுக்காகத் தேடித்தேடி சிவப்புக் குரோட்டன்ஸ் ஒண்ணு வாங்கிட்டுப் போனார். மூணே மாசத்துல சண்டைக்கு வந்துட்டார், இலையெல்லாம் பச்சையாயிடுச்சாம். வெயிலே எட்டிப் பார்க்காத ஹால்ல வெச்சிருக்கார் மனுஷன்! "கடல் நடுவுல தீவுல பொறந்த செடி பாய், வெயில் கேக்கும். வெளிய வைங்க, தானா செவக்கும்"னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க டேனரில வெயில் பட்டா சாயம் போவும்மா. நீ இன்னா உல்டாவா சொல்ற?"

குச்சியா நின்னது

வெளிய வெச்சதும் செவந்து, ரெண்டு வருஷம் தளதளன்னு இருந்துச்சு. அப்பத்தான் ஷகிலாக்காவுக்கு வேலூர்ல இதய ஆபரேஷன். பாழாப்போன வாடகை வீட்டையும் அதே வாரம் மாத்தும்படி ஆச்சு. இடம் மாறினா குரோட்டன்ஸ் கோச்சுக்கும். புது வீட்டுல மொத்த இலையும் கொட்டிடுச்சு. பாய் பதறிப்போய் ஓடி வந்தார். அக்கா வீடு திரும்பறதுக்குள்ள அதே மாதிரி வேற ஒண்ணு வேணுமாம். "வெறும் குச்சியப் பார்த்தா அவ மனசு வுட்டுடுவாம்மா"ன்னார். "சாகல பாய். நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உசிரு இருக்கு"ன்னு அனுப்பினேன். அரை மணி நேரத்துல போன்.

"பச்சைதாம்மா! பச்சைதான்! ஆனா நாளைக்கும் இருக்குமா?"

அக்கா வந்தாங்க

ஒரு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் ஆட்டோல வந்து எறங்கினாங்க. அக்கா நல்லா எளைச்சிருந்தாங்க. பாய் கையில தொட்டி. நுனியில ரெண்டு குட்டி இலை துளிர்த்திருந்துச்சு, ஆனா தண்டு! மேலேர்ந்து கீழ வரைக்கும் நகக்கீறல். காலையில தொழுதுட்டு ஒரு சுரண்டல், ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப ஒரு சுரண்டல், திரும்பி வந்து ஒரு சுரண்டலாம். எனக்கு வந்தது பாருங்க கோவம்! "இன்னா பாய், உரிச்சே கொன்னுடுவீங்க போலருக்கே"ன்னு கத்திட்டேன். பாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அக்கா சிரிச்சாங்க, சிரிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு.

"அவரைத் திட்டாதம்மா. ஆஸ்பத்திரில நான் கண்ணை மூடினாப் போதும், மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரல வெச்சிப் பார்ப்பாரு. ஒரு நாளும் நிம்மதியாத் தூங்க வுடல."

அன்னிலேர்ந்து "ஒரே ஒரு வாட்டிதான் சுரண்டணும்"னு சொல்லித்தான் செடி விக்கிறேன். கேக்கற ஆளைத்தான் இன்னும் காணோம்.