மூதூர் லோஞ்சில் வராத அப்பா

மழைக்காலத்தில் ஆறுதலாக இருந்துவிட்டுப் போகலாமென்று கணவரோடு கொச்சிக்கு வந்திருக்கிறேன். காலையில் ஜன்னலுக்கு வெளியே படகொன்று ஊதியது. எனக்கு மூதூர் லோஞ்சின் ஊதல் ஞாபகம் வந்தது.

சிறுவயதில் ஒரு மார்கழி விடுமுறைக்குக் கண்டியிலிருந்து திருகோணமலைக்கு, துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் தயிர் வாங்க, ஆட்களை ஏற்றிப்போகும் மோட்டார்ப் படகான லோஞ்சில், எதிர்க்கரையிலிருந்த மூதூருக்குப் போனார்கள். மத்தியானம் காற்று எழும்பியது. எதிர்க்கரை மழைக்குள் மறைந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தார். குடை காற்றில் மடங்கி மடங்கிப் போனது. நனைந்த கையால் என் மணிக்கட்டை நோகப் பிடித்திருந்தார்.

பொழுதுபடும் நேரத்தில் லோஞ்ச் ஊதிக்கொண்டு வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாகச் சித்தப்பா தயிர்ச் சட்டியோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

“அவர் எங்கை?” அம்மா சித்தப்பாவிடம் கேட்டார்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. அண்ணை கடலைப் பாத்திட்டு ஏறமாட்டன் எண்டிட்டார். நாளைக்கு றோட்டாலை வாறாராம்.” சித்தப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை. வெள்ளத்தில் றோட்டும் உடைந்திருக்குமோ என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மத்தியானம் அப்பா முழங்கால்வரை சேற்றோடு வந்து வாசல் படலையிலேயே நின்றார்.

“எல்லாரும் ஏறினவை. எனக்குத்தான் ஏலாமல் போச்சு,” என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

அம்மா துவாயை எடுத்துப்போய், எல்லோர் முன்னாலும் அவர் தலையைத் துடைத்துவிட்டார்.

“பயமெண்டால் இனியும் ஏறாதேங்கோ. எவ்வளவு பிந்தினாலும் நான் பாத்துக்கொண்டிருப்பன்.”