வெடிக்காத தோட்டாவுக்கு நான் பொறுப்பு

தோட்டா நிரப்பும் தொழிலில் பன்றி விழுந்தால் சுட்டவன் கெட்டிக்காரன், விழாவிட்டால் நிரப்பியவன் மடையன். தையற்காரர்கள், கம்பவுண்டர்கள், இன்னும் அடுத்தவர் கைப்பிழைக்குத் திட்டு வாங்கும் சகலரும் இதைப் படித்து ஆறுதல் அடைவார்களாக.

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்களில், பட்டாளம் கழித்துவிட்ட துப்பாக்கிகள், எங்கள் பேச்சில் துவக்குகள், கண்டிப் பக்கமெல்லாம் புழங்கின. நான் வேலை பார்த்த துவக்குக் கடை முதலாளி, அவற்றுக்கான பழைய தோட்டாக்களையும் ஏலத்தில் பெட்டி பெட்டியாக எடுத்துவிட்டார். அவற்றில் பாதி வெடிக்கும், மீதி யோசிக்கும். அதனால் பின்னறையில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதுகளை வாங்கி, தட்டினால் தீப்பற்றும் புதுக் கேப்பு அடித்து, கறுப்பு வெடிமருந்து போட்டு, அதன்மேல் ஓர் அட்டை வில்லையும் கொஞ்சம் கொழுப்பும் வைத்து ஈயக் குண்டைப் பொருத்துவேன். இதற்கு அரசாங்கக் கச்சேரி கொடுத்த அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்கியது. அது போனால் முதலாளிக்குத் தூண்டில் வியாபாரம் இருக்கிறது. எனக்கு அலவத்துகொடயில் நானாவின், அதாவது அண்ணனின், தோல் கிடங்குதான். ஆட்டுத் தோலுக்கு உப்புத் தடவும் வேலையை இரண்டு வருடம் பார்த்தவன் நான். அந்த நாற்றத்துக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே சோறு இறங்காது.

ஆராச்சியின் பலாமரம்

பிலிமத்தலாவைப் பக்கத்து ஆராச்சி ஒருவர், ஊர்த் தலைமைக்காரர், ஏலத் தோட்டாக்களில் பத்து வாங்கிப் போனார். மரவள்ளித் தோட்டத்தில் பன்றியைக் கண்டு விசையை இழுத்திருக்கிறார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பன்றி ஓடிவிட்டது. கோபத்தில் துவக்கை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு கூட வந்த மைத்துனரைத் திட்டத் திரும்பியிருக்கிறார். அப்போதுதான் தோட்டாவுக்குத் தன் கடமை நினைவு வந்தது. தலைக்கு மேலே இருந்த பெரிய பலாக்காய் ஒன்று இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது.

மறுநாள் அவர் கடைக்குள் நுழைந்ததும், சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, மிகவும் பொறுமையாகக் கேட்டார்:

"நானா, பன்றியைப் பார்த்துச் சுட்டது, பலாக்காய் விழுந்தது. இனி பலாக்காயைப் பார்த்துச் சுடவா?"

கோது திரும்பி வராத காரணம்

பித்தளைக் கோது இல்லாமல் எனக்கு வேலை இல்லை. சுட்டவர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது கடைச் சட்டம். ஆனால் கோது வீட்டுக்குப் போனால் அது பெண்களின் சொத்து. ஒன்றில் கண்ணுக்கு இடும் சுருமா இருக்கும், ஒன்றில் ஊசி இருக்கும், ஒன்றில் கராம்புத் தைலம் இருக்கும். தைலம் இருந்த கோதுகளை நான் எத்தனை முறை கழுவினாலும், சுட்டால் பல்வலிக்காரன் வாய் போலத்தான் மணக்கும்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பத்துக் கோதுக்குப் பதிலாக ஏழு மட்டும் கொண்டுவந்து நின்றார். மற்ற மூன்றும் மனைவியின் அலுமாரியில் பூட்டியிருந்தன. போய்க் கேட்டு வாங்கி வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் மூன்றையும் கொண்டுவந்தார். ஆனால் ஆள் வாடிப்போயிருந்தார். மனைவி என்ன சொன்னார் என்று விசாரித்தேன்.

"சுட்டு முடிஞ்சதும் கோத மறக்காமக் கொண்டு வாங்க எண்டா. என்னத் திரும்பி வரச் செல்லல்ல."

ஹாஜியாரின் விசாரணை

திகனயில் நெல்வயல் வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், தோட்டாவைக் கையில் எடுப்பதற்கு முன் அதற்குள் இருப்பது என்ன கொழுப்பு என்று கேட்பார். ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் என்பேன். எந்த ஆடு, யார் அறுத்தது, பிஸ்மி சொல்லி அறுத்ததா என்று ஒவ்வொன்றாக வரும். கசாப்புக் கடைக்காரரின் பெயரைச் சொன்ன பிறகுதான் முகம் தெளியும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு சுத்தம் பார்த்து வாங்கும் குண்டு கடைசியில் போய்ச் சேருவது பன்றியின் வயிற்றுக்குள்தானே என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"அது பன்றிட பாடு, தம்பி. அங்க போற மட்டும் குண்டு என்ட கையிலதானே இரிக்கி."

சைவத் தோட்டா

என் தலையில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொண்ட கதை இது. நகரசபைக் கிளாக்கர் ஒருவர் சுத்த சைவம். எறும்பைக்கூட மிதிக்கமாட்டார், ஆனால் தகரத்தைக் குறிபார்த்துச் சுடுவதில் பைத்தியம். ஆட்டுக் கொழுப்பு கூடாது, தேங்காய் எண்ணெய் வைத்துத் தாருங்கள் என்றார். காலைக் குளிரில் எண்ணெய் வெண்ணெய் போல உறைந்திருந்தது. நானும் பெரிய கண்டுபிடிப்பாளன் என்ற நினைப்பில் இருபது தோட்டா செய்து கொடுத்தேன்.

கண்டியில் காலை வேறு, மத்தியானம் வேறு. வெயில் ஏறியதும் எண்ணெய் உருகி, அட்டை வில்லையை நனைத்து, மருந்துக்குள் இறங்கிவிட்டது. நண்பர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கிளாக்கரின் துவக்கு இருபது முறை 'டிக்' என்றது. மனுஷன் நேரே போய்க் கச்சேரிக்கு மனு எழுதிவிட்டார். அந்த எண்ணெயைக் கேட்டதே நீங்கள்தானே என்று நான் போய்க் கெஞ்சினேன்.

"கேட்டது நான்தாங்க. ஆனா மருந்துக்குத் தாளிக்கச் சொல்லலையே."

துரையின் பரீட்சை

மனுவின் பேரில் கச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கூடவே இன்னொரு கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், துரை பேசுவதைத் தமிழில் சொல்வதற்கு. என் தட்டிலிருந்து துரையே பத்துத் தோட்டாவைப் பொறுக்கினார். எல்லாம் ஆட்டுக் கொழுப்பு வைத்தவைதான். ஆனாலும் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துக் கொடுத்தேன். மூன்று வெடிக்காவிட்டால் அனுமதிப் பத்திரம் ரத்து என்று அந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

மகாவலிக் கரையில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் குறியாக வைத்தோம்; சுடுவது துரை. முதல் தோட்டா அருமையாக வெடித்தது. தகரம் அப்படியே இருந்தது. இரண்டாவதும் வெடித்தது, தகரம் அப்படியே இருந்தது. ஐந்தாவதில் பக்கத்து மூங்கில் ஒன்று முறிந்தது. வெடிக்க வெடிக்க எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். ஆனால் துரையின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. குளிக்க வந்தவர்கள் கரையில் கூடிவிட்டார்கள். ஏழாவதுக்குப் பிறகு, மருந்தில் வேகம் போதாது, இப்படிப்பட்ட சரக்கை விற்கவிடக்கூடாது என்று துரை சொல்வதாகக் கிளாக்கர் என் காதில் ஓதினார். எட்டும் ஒன்பதும் வெடித்து ஆற்றில் விழுந்தன. துரை பையிலிருந்து பென்சிலை வெளியே எடுத்துவிட்டார். நான் மனத்துக்குள் தோலுக்கு உப்புத் தடவ ஆரம்பித்தேன்.

பத்தாவதுக்கு அவர் நெடுநேரம் மூச்சைப் பிடித்துக் குறிபார்த்தார். 'டிக்.' ஒன்றுமே நடக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். அது வெடிக்கவே இல்லை.

தோட்டாவை வெளியே எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த துரையின் முகம், சம்பளம் கூடினவன் முகம் போல மலர்ந்தது. சிரித்தபடியே ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்குக் கைகூடக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன எழுதினார் என்று கிளாக்கரை மறித்துக் கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஒன்பதும் நல்ல தோட்டாவாம், பத்திரம் இருக்கட்டுமாம். பத்தாவது வெடிச்சிருந்தால் தகரத்திலை பட்டிருக்குமாம்."

ஒழுங்காக வெடித்த ஒன்பது தோட்டாக்கள் என்னைத் தோல் கிடங்கு வாசல்வரை கொண்டுபோய் விட்டன. வேலையில் சோம்பிய ஒன்றுதான் என்னைத் திரும்பக் கூட்டிவந்தது.