பரிஜான் நெய்த சரிவு

ஈரான் மலைகளில் மந்தையோடு இடம்பெயரும் காஷ்காய் மேய்ப்பர் கூடாரங்களில் பெண்கள் வரைபடம் வைத்துக் கம்பளம் நெய்வதில்லை. கண்ட மலையை நெய்வார்கள். பரிஜானின் கம்பளத்தில் ஒரு பாறைகூட இடம் பிறழ்ந்ததில்லை. அவளுடைய சிவப்போ, அந்திச் செக்கரை முறுக்கி நூலாக்கியது போலிருக்கும். அச்சிவப்பின் பிறப்பிடம் கோடை மேய்ச்சலுக்கு அப்பாலிருந்த ஒரு மறைவான சரிவு. அங்கே வேரில் சிவப்புச் சாயம் கொண்ட மஞ்சிட்டிக் கொடி தானே மண்டிக் கிடந்தது. மூன்று வேருக்கு ஒன்றே தோண்டுவாள். எஞ்சியவற்றை மண்ணிட்டு மூடிவிட்டு வருவாள். அவளையும் தங்கை மாரலையும் தவிர அவ்விடத்தை அறிந்தவர் இல்லை.

"என் கல்யாணத்துக்கு அந்த எடத்தையே நெய்து குடேன் அக்கா. வேற எதுவும் எனக்கு வேணாம்" என்றாள் மாரல்.

குளிர்காலம் முழுதும் நெய்தாள் பரிஜான். பிளந்த சிகரம், மண்டியிட்ட ஒட்டகம் போன்ற வெள்ளைப் பாறை, அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

மறு ஆண்டு மந்தையோடு மலையேறியவள் சரிவைக் கண்டு நின்றுவிட்டாள். நிலம் வயிறு கிழிந்து கிடந்தது. காட்டுப்பன்றிகள் என்று மனத்தைத் தேற்றப் பார்த்தாள். ஆனால் மண்வெட்டி வாயின் தடம் நேராக இருந்தது. மறுமுளைக்கு ஒரு வேரும் மிச்சமில்லை.

நேரே தங்கையின் கூடாரத்துக்கு நடந்தாள். வாசலில் மாரலின் கணவன் அயாஸ் கழுதைகள்மேல் சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சாக்கின் தையலெல்லாம் செம்மண்.

"வாங்க மதினி! வழியெல்லாம் நீங்களே கம்பளத்துல போட்டுக் குடுத்துட்டீங்க. அந்த ஒட்டகப் பாறையைக் கண்ணை மூடிட்டே கண்டுபிடிச்சேன்" என்று சிரித்தான்.

உள்ளே அந்தக் கல்யாணக் கம்பளத்தின்மேல் அமர்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மாரல் நிமிரவில்லை.

"பாறையை அவரே கண்டுபிடிக்கலாம். சிவப்பு என்னன்னு யாரு சொன்னது?" என்றாள் பரிஜான்.

"அவரு கேட்டாரு அக்கா."

"எத்தனை தடவை கேட்டாரு?"

"ஒரே தடவைதான்" என்றாள் மாரல்.

பரிஜான் தேநீரைத் தொடாமல் வெளியேறினாள்.

அக்கோடையில் மறுபடியும் தறி விரித்தாள். சில நாள் கழித்து மாரல் ஒரு கிண்ணம் தயிரோடு வந்து, அக்காவின் பின்னால் ஒட்டாமல் நின்றாள். நெய்ததில் ஏழு சிகரங்கள் இருந்தன. ஒன்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. சிவப்பு நூல் எங்கும் இல்லை.

"இது எந்த மலை அக்கா?"

பரிஜான் முடிச்சை இறுக்கினாள்.

"உன் வீட்டுக்காரரைப் போய்த் தேடச் சொல்லு."