தேவானை அக்காவின் ஐம்பது

தேவானை அக்கா பிளாஸ்டிக் தாளில் ஒரு கைப்பிடி நெத்திலியைக் கொட்டுவார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பக்கத்துக் கூறிலிருந்து இரண்டை எடுத்து இதில் போடுவார்; பிறகு மனம் மாறி ஒன்றைத் திருப்பி வைப்பார். நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் தராசு வைத்திருப்பவர்கள் உண்டு. அவரிடம் கிடையாது.

அன்று கூறுகளுக்கு நடுவே ஒரு மாத்திரை டப்பா இருந்தது. நான் மயிலாப்பூரில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும்.

“நைனா, இத்த படி. இன்னா போட்டுக்கீது?”

“வைட்டமின் டி. அம்பது.”

“அதான். அம்பது.”

சம்பந்தி மணிமொழி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்ததாம். மணிமொழி தன் தங்கைக்குக் கொடுத்த வைட்டமின் சி டப்பாவில் ஆயிரம் என்று இருந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

“டாக்டரு முட்டிவலிக்குக் குடுத்த பொட்டலத்துல அறுவதாயிரம் கீது. இவ அம்பது குடுக்கறா. என்னிய இன்னான்னு நெனச்சிக்கினா? ஞாயித்துக்கெழம காதுகுத்துக்கு நான் போவ மாட்டேன்.”

காதுகுத்து அவருடைய மகள் சரண்யாவின் பிள்ளைக்கு. தாய்வீட்டுச் சீரை இவர்தான் எடுத்துப் போக வேண்டும்.

“அவங்க தங்கச்சியோட ஆயிரம் மில்லிகிராம்க்கா. இது மைக்ரோகிராம்.”

“அப்டின்னா?”

“மில்லிகிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு.”

“அப்போ அம்பதுகூட இல்லியா?”

எனக்கு உண்மையைச் சொல்லத் தெரிகிறதே தவிர, எதை முதலில் சொல்வது என்று தெரிவதில்லை. நெத்திலிக் கூறையும் சங்கராக் கூறையும் காட்டினேன்.

“ரெண்டும் ஒரே எடையாக்கா?”

“எடைய யாரு பாத்தா? ஒரு வூட்டுக் கொழம்புக்கு ஆவணும். அதான் கூறு.”

“டாக்டர் பொட்டலத்துல இருக்கற அறுபதாயிரமும் அப்படித்தான். எடை இல்ல, கூறு. யூனிட்டுன்னு சொல்வாங்க. ஒடம்புல எவ்ளோ வேலை செய்யுதுங்கற கணக்கு. டி-யில ஒரு மைக்ரோகிராமுக்கு நாப்பது யூனிட். உங்க அம்பது, அந்தக் கணக்குல ரெண்டாயிரம்.”

“ரெண்டாயிரமா?” முகம் மலர்ந்தது. “அவ தங்கச்சிக்கு?”

“ஆயிரம். ஆனா சி-க்கு வேற கணக்கு…”

“ஆயிரந்தானே?”

ஒரு கூறு நெத்திலியை என் பையில் கொட்டி, மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். டாக்டர் கொடுத்த பொட்டலத்தோடு சேர்த்து இதைச் சாப்பிடக்கூடாது, அவரைக் கேட்டுவிட்டுத்தான் என்றேன். அதை மட்டும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டி, சீர்த்தட்டோடு ஆட்டோவில் போனார்.

மறுவாரம் சரண்யா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பந்தியில் பாயசம் ஊற்ற வந்த மணிமொழியின் தங்கையை அக்கா பக்கத்தில் அழைத்து, “ஒனக்கு ஆயிரம்தானாமே, எனக்கு ரெண்டாயிரம்” என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தங்கை மணிமொழியோடு பேசுவதில்லை.